கரண்டுக் கம்பம் வரை

அண்ணன் உயிருக்கு வேல்சாமி வைத்த விலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மூணரை சென்ட் இடத்தில் நிற்கும் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. ஓட்டுக் கூரை. மழை பெய்தால் ஒழுகும், வெயில் அடித்தால் எலிகள் குடும்பத்தோடு வெளியே வந்து காற்று வாங்கும். பத்திரம் இன்னும் செத்துப்போன அப்பா சிவபாண்டியின் பெயரில். சாவி மட்டும் ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அது கொள்ளை விலையா, அடிமாட்டு விலையா என்று கேட்டால் சொல்ல முடியாது. சரக்குக்கு என்று தனியாக ஒரு விலை கிடையாது, கேட்கிற நேரத்துக்குத்தான் விலை. வேல்சாமி கேட்ட நேரம் அப்படிப்பட்டது.

அண்ணன் தங்கப்பாண்டியனுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். "ஊர்ல எவன் கீழ விழுந்தாலும் எனக்கு நாலு காசு" என்று சொல்லிச் சிரிக்கிறவர். தம்பி வேல்சாமிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனி மொத்தக் கடை. பால்கோவா கிண்டுகிற இடங்களுக்கு மூட்டை போடுகிறவன். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் கண்ணயர்ந்தால் இறங்கும் இடம் தவறிவிடும், அவ்வளவுதான் தூரம். ஆறு வருஷமாக அந்தத் தூரத்தை இருவரும் தாண்டவில்லை. அப்பா துணிக் கடையை மூத்தவனுக்கும் சீனிக் கடையை இளையவனுக்கும் பிரித்துக் கொடுத்தார், கிட்டங்கியை மறந்து செத்துப்போனார். அது இருவருக்குமே தேவையில்லை. தேவையுள்ள பொருள் என்றால் எங்காவது ஓரிடத்தில் ராசியாகிவிடுவார்கள். தேவையில்லாத பொருளுக்கு நடக்கிற சண்டைக்குத்தான் முடிவு கிடையாது.

பிறகு தங்கப்பாண்டியனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். நோய் அடங்கியது. "அடங்கியிருக்கு, போகலை" என்றார் டாக்டர் காளீஸ்வரி. "உங்க எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடமே கெட்டுப்போச்சு. வேற ஒருத்தரோட ஸ்டெம் செல்லை அங்க வச்சாகணும். விட்டா வருஷம் திரும்புறதுக்குள்ள நோய் திரும்பிரும்."

செல் தானம் செய்ய முன்வந்த முகம் தெரியாதவர்களின் பட்டியலில் தேடினார்கள், பொருந்தவில்லை. தங்கப்பாண்டியனுக்குப் பிள்ளை இல்லை. உடன்பிறந்தது ஒன்றே ஒன்று, அது ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனி விற்றுக்கொண்டிருந்தது.

அண்ணன் மனைவி வெங்கடேஸ்வரிதான் போய்க் கூப்பிட்டாள். வேல்சாமி மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் பத்துக்கு ஐந்து பொருந்தியது.

"பத்துப் பொருத்தத்துல அஞ்சுதானா?" என்றார் தங்கப்பாண்டியன். "எனக்கும் இவளுக்கும் ஒம்பது பொருத்தம்னு சொல்லிக் கட்டி வச்சாங்க. அதுக்கே இந்தப் பாடு."

டாக்டர் சிரித்தார். முன்னெல்லாம் பாதிப் பொருத்தத்தை யாரும் தொட மாட்டார்கள், வந்த செல் இருக்கிற உடம்பையே அடித்துத் தின்றுவிடும் என்றார். இப்போது செல் ஏற்றின மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஒரு மருந்து கொடுக்கிறார்கள். முறைத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிற செல் மட்டும் அதில் அழியும், குடியிருக்க வந்த செல் பிழைத்துக்கொள்ளும். பாதிப் பொருத்தத்தில் பிழைத்து வீடு போகிறவர்கள் இப்போது நிறைய.

"ஆனா முதல்ல உங்க எலும்புல இருக்கிறதை முழுசா அழிக்கணும். அதுக்கு ஆறு நாள் மருந்து."

"கிட்டங்கியைக் காலி பண்ணாம புதுச் சரக்கை எங்க எறக்குறது? சரிதான்" என்றார் தங்கப்பாண்டியன். கிட்டங்கி என்ற சொல் வந்ததும் வேல்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"காலி பண்ணிட்டா அதுக்குப் பொறகு திரும்ப வழி கிடையாது" என்றார் டாக்டர். "அதனால நான் என்ன சொல்றேன்னா, தம்பியோட செல்லை முன்கூட்டியே எடுத்து உறைய வச்சிருவோம். அது நம்ம கைக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு மருந்து ஆரம்பிக்கணும்."

வெங்கடேஸ்வரி செலவு எழுதிய தாளை உற்றுப் பார்த்தாள். உறைய வைக்கத் தனித் தொகை போட்டிருந்தது. "இது எதுக்கு மேடம் தனியா?"

இந்த இடத்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஆறு வருஷம் பேசாத அண்ணனும் தம்பியும் அந்த அறையில் ஒன்று சேர்ந்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைக்க ஒரே வழிதான் உண்டு, எதிரே ஒரு விலைப்பட்டியலை வைக்க வேண்டும்.

"மேடம், கறந்த பாலை அன்னைக்கே கிண்டணும்" என்றான் வேல்சாமி. "ஐஸ்ல கிடந்த பால்ல கோவா போட்டா ருசி கெட்டுப்போகும்."

"செல்லும் பாலும் ஒண்ணு இல்லைங்க. புதுசாக் கொடுக்கிறதும் நல்லதுதான், பல இடத்துல அப்படித்தான் கொடுக்கிறாங்க. உறைய வைக்கச் சொல்றது ருசிக்காக இல்ல."

"பின்ன?"

"இடையில ஏதாவது ஆச்சுன்னா. இவருக்குக் காய்ச்சல் வரலாம். வண்டியில விழலாம். மனசு மாறலாம்."

"மனசா?" என்றார் தங்கப்பாண்டியன். "எங்க குடும்பத்துல எவனுக்கும் அது கிடையாது மேடம், மாறுறதுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். வேல்சாமியும் சிரித்தான். டாக்டர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். தம்பி கூப்பிடு தூரத்தில் இருக்கிறான், இது எதற்கு என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள். கடைசியில் உறைய வைக்கும் வரியின் மேல் ஒரு கோடு விழுந்தது. வெளியே வந்து மூவரும் ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்தார்கள். நல்ல பேரம் முடித்த நிறைவு மூவர் முகத்திலும் இருந்தது.

மறுநாள் வேல்சாமியை இன்னொரு டாக்டர் தனி அறையில் உட்கார வைத்துப் பேசினார். கொடுக்கிறவருக்கு என்று தனி டாக்டர் வைப்பது அங்கே வழக்கம். கொடுக்கிறவர் யாருக்கும் பயந்து கொடுக்கக் கூடாது, அதற்காக.

"உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா இப்பவே சொல்லலாம். உடம்பு ஒத்துக்கலைன்னு நாங்களே அவங்ககிட்ட சொல்லிருவோம், காரணம் வெளியே போகாது. ஆனா திங்கக்கிழமை அவருக்கு மருந்து ஆரம்பிச்சிட்டா, அதுக்குப் பிறகு நீங்க வரலைன்னா அவர் பிழைக்க மாட்டார். சட்டப்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நிலைமை இதுதான்."

வேல்சாமி தலையை ஆட்டினான். டாக்டர் ஒரு மனிதனுக்குத் தப்பிக்கும் வாசலைக் காட்டியதாக நினைத்தார். சீனி வியாபாரிக்கு அவர் காட்டியது சந்தை உச்சத்துக்குப் போகும் தேதி.

அவன் கெட்டவன் இல்லை. அண்ணன் சாக வேண்டும் என்று ஒரு நிமிஷமும் நினைத்தவன் இல்லை. அதைப் புரிந்துகொள்ள, இதே சீனிக் கடையில் சிவபாண்டி உட்கார்ந்த காலத்து வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விலை படியாமல் ஆள் படியிறங்கினால் கடையிலிருந்து தெருமுனைக் கரண்டுக் கம்பம் வரை கணக்கு. வாங்குகிற எண்ணம் உள்ளவன் கம்பத்தை நெருங்கும்போது நடை தளர்வான். விற்கிற எண்ணம் உள்ளவன் அதற்குள் "அண்ணாச்சி, வாங்க, பேசுவோம்" என்பான். யார் முதலில் அசைகிறானோ அவன் இறங்கி வர வேண்டும். கம்பத்தைத் தாண்டிவிட்டால் வியாபாரம் இல்லை. ஆனால் சிவபாண்டியின் ஆயுளில் ஆசைப்பட்டவன் எவனும் தாண்டியதில்லை, ஆசைப்பட்ட சரக்கை அவரும் தாண்ட விட்டதில்லை. அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே படித்த பாடம் அது.

திங்கட்கிழமை தங்கப்பாண்டியனைக் கண்ணாடிச் சுவர் போட்ட தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டுத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது நம்ம ஊர்த் துணி இல்ல, இழை கம்மி" என்றார். மருந்து இறங்கத் தொடங்கியது.

புதன் முதல் வேல்சாமிக்கு ஊசி. எலும்புக்குள் இருக்கும் செல்லை ரத்தத்துக்கு விரட்டி விடுகிற ஊசி. நான்கு நாள் போட்டு, ஞாயிறன்று மதுரையில் படுத்து ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் கொடுத்துவிட்டார்கள். வேல்சாமி அதை வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். பக்கத்து கிளினிக்கில் இரண்டு நாள் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை போகவில்லை.

மதியம் உக்கிரபாண்டி மதுரைக்கு வந்து நின்றார். இரு வீட்டுக்கும் பழக்கமான நிலத் தரகர். இழவு வீட்டிலும் கமிஷன் பேசக்கூடியவர்.

"மதினி, தம்பி ஒண்ணும் பெருசாக் கேக்கலை. கிட்டங்கியில அண்ணன் பங்கை விட்டுக்கொடுத்ததா ஒரு விடுதலைப் பத்திரம். அது கைக்கு வந்தா மறுநிமிஷம் ஊசி போட்டுக்கிடுதேங்கான்."

வெங்கடேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல உமக்கு எம்புட்டு?"

"நான் கமிஷன் வாங்கலை மதினி. சத்தியமா."

"அப்ப நெசமாவே விவகாரம்தான்" என்றாள் அவள்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு போன், உள்ளே ஒரு போன். தங்கப்பாண்டியனுக்குத் தலை மொட்டை, உதடு வெடித்திருந்தது, வாய்க்குள் புண். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நோய் வந்த நாளிலிருந்து வராத வெளிச்சம். கடையில் உட்கார்ந்திருக்கிற ஆள் திரும்பி வந்துவிட்டார்.

"நாலடி நடக்கான். நடக்கட்டும். நீ கூப்பிடாத."

"உங்க உசுரு."

"என் உசுருதான், எனக்குத் தெரியாதா. ஏட்டி, கேளு. ஏழு வயசுல வீட்டை விட்டு ஓடிப்போறேன்னு கோவிச்சுக்கிட்டுப் போனான். கம்பத்தடி வரைக்கும் போய் சாயந்தரம் வரை நின்னான். யாரும் கூப்பிடலை. இருட்டினதும் அவனே உள்ள வந்து சோறு கேட்டான். அவன் கம்பத்தைத் தாண்ட மாட்டான்."

"நானே எழுதிக் கொடுத்திட்டு வாரேன். போகட்டும் அந்தக் கிட்டங்கி."

"கொடுத்தா என்னைப் பொணமாப் பார்ப்ப. கூப்பிடவும் கூடாது, சத்தியம் பண்ணு."

அவள் கண்ணாடியில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். அவளும் கடைக்காரி. அவர் சொன்ன கணக்கு அவளுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் கேடு.

டாக்டர் காளீஸ்வரி வேல்சாமிக்குப் போன் போட்டார். இரண்டு தடவை எடுத்து "பார்க்கிறேன் மேடம்" என்றான், பிறகு எடுக்கவில்லை. டாக்டர் கூப்பிடுவது கணக்கில் வராது, வாங்குகிறவன் கூப்பிட வேண்டும். உறைய வைத்த செல் இருந்திருந்தால் இந்த வேல்சாமி நடந்தாலும் ஓடினாலும் ஒன்றுதான் என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எலும்பிலிருந்து நேரே எடுக்கலாம், அதற்கும் அவன் வந்துதான் படுக்க வேண்டும்.

சனிக்கிழமை தங்கப்பாண்டியனின் வெள்ளையணு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. காவல்காரனும் இல்லை, பூட்டும் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது. இரவு காய்ச்சல் தொட்டது.

அதே இரவு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேல்சாமிக்குத் தூக்கம் இல்லை. போட்ட இரண்டு ஊசியின் வேலை. இடுப்பெலும்புக்குள்ளும் நடுமுதுகிலும் உலை கொதிப்பதுபோல் விண்விண் என்று தெறித்தது. அவன் பேரம் பேசிக்கொண்டிருந்தான், உடம்பு அதற்குள் சரக்கை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது.

"வலிக்குதா?" என்றாள் மனைவி சண்முகத்தாய்.

"வலிக்கி."

"அப்ப எந்திரிச்சுப் போங்க. அவிய கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்காக."

"கூப்பிடட்டும். ஒரு வார்த்தை. பத்திரம்கூட வேண்டாம், வேலு வான்னு ஒரு வார்த்தை."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடுவான். ஏழு வயசுல நான் கோவிச்சுக்கிட்டுப் போய் கம்பத்தடியில நின்னேன். அப்பா அசையலை, அம்மா அசையலை. இருட்டினதும் எங்க அண்ணன்தான் வந்து கையைப் பிடிச்சு, வாலே சாப்பிடன்னு கூட்டிட்டுப் போனான். அவன் கூப்பிடாம விட மாட்டான்."

சண்முகத்தாய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மீதி இரண்டு ஊசியும் பாலுக்குப் பக்கத்தில் குளிர்ந்து கிடந்தன. கதவை மூடினாள். விடிந்ததும் வெங்கடேஸ்வரிக்குப் போன் செய்து, "அக்கா, நான் கூப்பிட்டதாச் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்து, கம்பத்துக் கதையைச் சொன்னாள்.

வெங்கடேஸ்வரி அந்தக் கதையை இரண்டாம் முறையாகக் கேட்டாள். ஒரே கம்பம், ஒரே சாயந்தரம். ஒருவன் கணக்கில் தம்பி தானாக வந்தான், இன்னொருவன் கணக்கில் அண்ணன் போய்க் கூப்பிட்டான். இரண்டு பேரும் அதை நம்பித்தான் இந்தப் பந்தயத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் ஒருவன் கணக்கு தப்பு. எது தப்பு என்று தெரிவதற்குள் ஆள் இருக்கமாட்டார்.

அவள் ராஜபாளையம் வந்து சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். எழுதிக் கொடுக்க மாட்டேன், கூப்பிட மாட்டேன் என்றுதான் சத்தியம். போக மாட்டேன், சாவியை வைக்க மாட்டேன் என்று இல்லை. சத்தியத்திலும் இழை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த வேல்சாமியின் முன் கல்லாமேல் சாவியை வைத்தாள்.

"கிட்டங்கி உங்களுக்கு. இனி என் புருசனைக் குடுங்க."

அவன் சாவியைத் தொடவில்லை. தராசைப் பிடித்தபடியே நின்றான்.

"அண்ணன் கூப்பிடச் சொன்னானா மதினி?"

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ சரக்கைப் பொய் சொல்லி விற்றவள். அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்ல. கூப்பிடாதன்னாக."

வேல்சாமி சீனிச் சாக்கின் மேல் உட்கார்ந்தான். தெருமுனையில் அந்தப் பழைய கம்பம் இப்போது இல்லை, சிமெண்டுக் கம்பம் நட்டு வருஷம் பலவாயிற்று. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, சட்டையை மாட்டாமல் பனியனோடு, சாவியையும் எடுக்காமல், அவளுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தான். அவள் சாவியை அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

விட்டுப்போன ஊசியை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது என்றார்கள். மறுபடி முதலிலிருந்து. ஞாயிறு அன்றே தொடங்கி, அவசரத்துக்கு நான்காவது ஊசியைப் புதன் விடியலில் போட்டு, அன்றே வேல்சாமி படுத்தான். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், மறு கை வழியாகத் திரும்பி வந்தது. பையில் சேர்ந்த செல், காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படிகிற ஆடையில் சிவப்புக் கலந்த நிறத்தில் இருந்தது. "இம்புட்டுதானா?" என்றான். போதும் என்றார்கள். தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றார்கள்.

செல் ஏறியது. இரண்டு ரத்தமும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக் காய்ச்சல் எழும்பியது, அது எதிர்பார்த்ததுதான். மூன்றாம் நாள், நான்காம் நாள் மருந்து இறங்கியது. சண்டைக்காரச் செல் ஒடுங்கியது. தோலில் தடிப்பு இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, மஞ்சள் இல்லை. பத்துக்கு ஐந்து பொருத்தம் பத்துக்குப் பத்துபோல் நடந்துகொண்டது. மூன்று வாரத்தில் தம்பியின் செல் அண்ணன் எலும்புக்குள் குடியேறி ரத்தம் ஊறத் தொடங்கியது. ஆறு வருஷம் மனிதர்களால் முடியாததை இரண்டு நாள் மருந்து முடித்து வைத்தது.

ஆனால் கதவு திறந்து கிடந்த நாட்களில் நெஞ்சுக்குள் ஒரு பூஞ்சை நுழைந்திருந்தது. ஸ்கேன் படத்தில் முதலில் ஒரு புள்ளி. பிறகு ஒரு ரூபாய்க் காசு அகலம். எப்போது நுழைந்தது என்று வெங்கடேஸ்வரி கேட்டாள். தேதி சொல்ல முடியாது என்றார் டாக்டர் காளீஸ்வரி. "மூணு நாள் முந்தி ஏத்தியிருந்தா?" என்று கேட்டாள். டாக்டர் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தார். "அதையும் சொல்ல முடியாதும்மா" என்றார். பேரம் தெரிந்தவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது.

ஆக்ஸிஜன் முகமூடி போட்ட பிறகு வேல்சாமியைக் கண்ணாடி அருகே விட்டார்கள். போனை எடுத்தான். அவன் கேட்க வந்தது மன்னிப்பு இல்லை.

"அண்ணே, அன்னைக்குக் கம்பத்தடியில நீ வந்து கூப்பிட்டியா, நானா வந்தேனா?"

தங்கப்பாண்டியன் தம்பியைப் பார்த்தார். முகமூடி பனித்தது, தெளிந்தது, பனித்தது. வலது கையைக் கொஞ்சம் உயர்த்தினார். வா என்கிறாரா, போ என்கிறாரா, எனக்கு ஞாபகம் இல்லை என்கிறாரா என்று பிடிபடவில்லை. கை படுக்கையில் விழுந்தது. அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த வெள்ளி விடியற்காலையில் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, பந்தல் பிரித்த இடத்தில் நாற்காலி போட்டு வெங்கடேஸ்வரியும் வேல்சாமியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கிட்டங்கிச் சாவி நடுவில் ஸ்டூல் மேல். அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"கணக்கு முடிச்சிருவோம் தம்பி" என்றாள் அவள்.

"சொல்லுங்க மதினி."

"கேட்ட செல்லு வந்துச்சு. எடை குறையலை, தரம் குறையலை. ஒட்டுச்சு. சண்டை போடலை. உங்க பேருல அது வரவு."

"சரி."

"உறைய வைக்க வேண்டாம்னு அடிச்சது மூணு பேரும் சேர்ந்து. அதை மூணாப் பிரிச்சாச்சு, அவிய பங்கை அவிய கட்டிட்டாக. கூப்பிடாதன்னு சொன்னது அவிய. அதைக் கேட்டு நடந்தது நான். அது என் தலையில."

அவன் தலை குனிந்திருந்தான். "என் தலையில?"

"ஞாயிறு வர வேண்டியது புதன் வந்துச்சு."

சாவியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கிட்டங்கி பைசல். மூணு நாள் பாக்கி."